நாலு வயசுப் பிள்ளைக்குப் பேய்ப் புத்தகம் தரலாமா?

கேள்வி: 2024 செப்டம்பர் 29

மகனுக்கு நாலு வயசு. நூலகத்துக்குப் போனால் பேய், எலும்புக்கூடு, பூதம் படம் போட்ட புத்தகங்களாகவே பொறுக்கிக்கொண்டு வருகிறான். ராத்திரி அலறுவான், படுக்கையை நனைப்பான் என்று மாமியார் எல்லாவற்றையும் எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். எனக்கும் பாதி பயம்தான். இந்த வயசுக்கு இதெல்லாம் தரலாமா? பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 29, இரவு 10.15

தாராளமாகத் தரலாம். அலமாரிக்கு மேலே ஏற்றியதுதான் தப்பு. தரையில் கிடந்தவரை அது புத்தகம். மேலே போனதும் அதற்குப் பேய் பிடித்துவிட்டது.

நான் சிவகாசிக்காரன். முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் ஆஃப்செட் மிஷின் ஓட்டியவன். இப்போது ஆறு மாதத்துக்கு நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறோம். பேத்திக்கு நாலேகால் வயசு. மத்தியானம் பள்ளி விட்டு வந்தால் எனக்கும் அவளுக்கும் நூலகம்தான் கதி. ஹாலோவீன் வருகிறது (பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் அக்டோபர் 31) என்று அங்கே ஒரு மேஜை முழுக்க இந்தச் சரக்குதான். ஒரு நடைக்குப் பத்துப் பன்னிரண்டு அள்ளி வருகிறோம். இங்கிலீஷில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிவிடுவேன். இதுவரை ஒரு ராத்திரி கூட அலறல் கிடையாது.

செப்டம்பர் 30, மாலை 4.00

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எட் எம்பர்லி 1992இல் போட்ட 'கோ அவே, பிக் கிரீன் மான்ஸ்டர்!' கிடைக்கிறதா பாருங்கள். கறுப்புத் தாளில் இரண்டு ஓட்டை, அதன் வழியாக இரண்டு மஞ்சள் கண். திருப்பினால் மூக்கு சேரும். அடுத்து வாயும் பல்லும். அப்புறம் காது, ஊதா முடி, கடைசியாகப் பச்சை முகம் முழுசாக வந்து நிற்கும். பாதிப் புத்தகம் ஆயிற்று. மீதிப் பாதியில் "போ" "போ" என்று சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் கழன்று போகும். மிஞ்சுவது வெறும் கறுப்பு. நான் சொல்லும்வரை திரும்பி வரக் கூடாது என்ற உத்தரவோடு முடிகிறது.

என் கண்ணுக்கு இது வேறு மாதிரித் தெரியும். இப்படி ஓட்டை போடுவதை எங்கள் பக்கம் டை பஞ்சிங் என்போம். கல்யாணப் பத்திரிகையில் அரை மில்லிமீட்டர் விலகினால் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கூடத் தெரியாது. இங்கே அடுத்தடுத்த தாளில் உள்ள ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும். முதல் நாள் நான் பூதத்தைப் பார்க்கவே இல்லை, ஓட்டையின் ஓரத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தேன். "தாத்தா, திருப்பு" என்று கையில் ஒரு அடி விழுந்தது.

அக்டோபர் 2, காலை 11.20

முக்கியமானதை எழுத விட்டுவிட்டேன். இந்தப் புத்தகங்களில் பயம் எங்கே இருக்கிறது தெரியுமா? வலது பக்கத்தின் கீழ் மூலையில், விரலை வைத்துத் திருப்புகிற இடத்தில். அடுத்த பக்கத்தில் என்னவோ இருக்கிறது, அதைத் திறந்துவிடுகிறவள் அவள். பேத்தி அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பாள். மூச்சு மட்டும் வாங்கும். நான் அவசரப்படுத்த மாட்டேன். தயாரானதும் படக்கென்று திருப்புவாள். வேண்டாம் என்று தோன்றினால் மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். டிவியில் இது முடியுமா? அது பாட்டுக்கு ஓடும்.

படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். ஒரே தாளில் அடித்து மடிக்கிற பதினாறு பக்கத்தைப் பாரம் என்போம், அப்படி இரண்டு பாரம். ஆக, பதினாறு தடவை திருப்பலாம். பதினாறு பயம்.

அக்டோபர் 3

பதினாறு என்றது தப்பு. தலைப்பு, பதிப்பு விவரம், சமர்ப்பணம் எல்லாவற்றையும் கழித்தால் கதைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று திருப்பல்தான் மிஞ்சுகிறது. பேத்தி எண்ணிச் சொன்னாள் என்று எழுத ஆசை. எண்ணியது மருமகன்.

அக்டோபர் 5, இரவு 9.30

இன்றைக்கு 'கிரீப்பி கேரட்ஸ்'. ஆரன் ரெனால்ட்ஸ் எழுத்து, பீட்டர் பிரவுன் படம், 2012. அடுத்த வருஷம் கால்டெகாட் ஹானர் வாங்கியது, அமெரிக்காவில் படப் புத்தக ஓவியத்துக்குத் தரும் விருது. ஜாஸ்பர் என்ற முயல் போகிற வருகிற வழியில் எல்லாம் ஒரு வயலில் கேரட்டைப் பிடுங்கித் தின்னும். ஒரு நாள் பின்னாலேயே கேரட் வருகிற மாதிரி இருக்கும். குளியலறைக் கண்ணாடியில் கேரட். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. படம் முழுக்கப் பழைய கறுப்பு வெள்ளை சினிமா மாதிரி, கேரட் நிறம் மட்டும் பளிச். கடைசியில் முயல் பயந்துபோய் அந்த வயலைச் சுற்றி வேலி கட்டி, அகழி வெட்டி, அதில் முதலையும் விட்டுவிடும். உள்ளே கேரட்டுகள் எல்லாம் சேர்ந்து கொண்டாடுகின்றன. திட்டம் பலித்துவிட்டது, இனி யாரும் தின்ன வர முடியாது. இந்தத் திருப்பத்துக்கு நான்தான் அதிகம் சிரித்தேன்.

சேதாரம் ஒன்று: சாம்பாரில் கிடந்த கேரட்டைப் பேத்தி ஒதுக்கி வைத்தாள். "சாப்பிடாம விட்டா ராத்திரி ஜன்னல்ல வந்து எட்டிப் பார்க்கும்" என்று விளையாட்டாகச் சொன்னேன். பேத்தி சிரித்தாள். மகள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆபீஸ் டென்ஷன் போல.

அக்டோபர் 8, மாலை 5.45

மாமியார் இன்னும் இறங்கி வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ஒரு துணை இருக்கிறது. மோரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' 1963இல் வந்து, அடுத்த வருஷம் கால்டெகாட் பதக்கமும் வாங்கியது. புரூனோ பெட்டல்ஹைம் என்ற பெரிய குழந்தை உளவியல்காரர் 1969இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் அதைக் கண்டித்து எழுதினார். புத்தகத்தை அவர் படிக்கவில்லை, தாய்மார்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். அவருக்கு உறுத்தியது கூடப் பூதங்கள் இல்லை. குறும்பு பண்ணின பையனை அம்மா ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்புகிறாளே, அது.

அறைக்குப் போன பையன் பூதங்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்பி வருகிற கதை. மொத்தமே 338 சொல். முதலில் படம் சின்னதாக, சுற்றிலும் வெள்ளை. பையனின் கோபம் ஏற ஏறப் படம் பெருத்து, வெள்ளையை விழுங்கி, பூதங்களோடு ஆட்டம் போடுகிற இடத்தில் சொல்லே இல்லாமல் இரண்டு பக்கமும் நிறைந்த படமாக மூன்று தடவை வரும். அப்புறம் மறுபடி அடங்கும். கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது. சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்று ஒரு வரி.

அந்த பூதங்கள் யார் என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். புரூக்ளினில் செண்டாக் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும் மாமா, அத்தைமார்கள். கன்னத்தைக் கிள்ளி, உன்னைத் தின்னுடலாம் போல இருக்கே என்பார்களாம். எங்கள் வீட்டு விசேஷத்தில் "அப்படியே கடிச்சுத் தின்னணும் போல இருக்கு" என்று சொல்லாத பெரியம்மா உண்டா? புத்தகத்தில் பூதங்களும் பையனிடம் இதையேதான் சொல்கின்றன. பேத்திக்கு அந்த வரியை மொழிபெயர்க்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. இன்னொன்று: முதலில் அது காட்டுக் குதிரைகள் கதையாக இருந்தது. அவருக்குக் குதிரை வரைய வரவில்லை, பூதம் ஆக்கிவிட்டார்.

அக்டோபர் 8, இரவு 10.05

"எல்லாம் அவன் கண்ட கனவும்மா" என்று சொல்லி முடித்துவைத்தேன். பேத்தி ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு சூடா இருக்கு, அதனால அம்மா இப்பதான் வச்சுட்டுப் போயிருக்கா, அதனால அவன் நிஜமாவே போய்ட்டுச் சீக்கிரம் வந்துட்டான் என்கிறாள். என் வீட்டம்மா உள்ளேயிருந்து, "மைக்ரோவேவ்ல வச்சிருப்பா" என்று தீர்ப்பு சொன்னாள்.

அக்டோபர் 12, காலை 8.40

நேற்று ஆயுத பூஜை. ஊரில் இருந்தால் மிஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்திருப்போம். இங்கே மகளின் சின்ன பிரிண்டருக்குப் பொட்டு வைத்ததோடு சரி.

நேற்றைக்கென்று வாய்த்த புத்தகம் 'த லிட்டில் ஓல்ட் லேடி ஹூ வாஸ் நாட் அஃப்ரைட் ஆஃப் எனிதிங்', லிண்டா வில்லியம்ஸ் எழுதி மேகன் லாய்ட் வரைந்தது, 1986. எதற்கும் பயப்படாத ஒரு பாட்டி இருட்டில் காட்டு வழியே வீட்டுக்கு வருகிறாள். வழியில் இரண்டு ஷூ, காலே இல்லாமல் நடக்கின்றன. அப்புறம் ஒரு பேண்ட், சட்டை, கையுறை, தொப்பி, ஒவ்வொன்றும் ஒரு சத்தமோ ஆட்டமோ போட்டுக்கொண்டு பின்னாலேயே வரும். கடைசியில் பூசணித் தலை. பாட்டி வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவாள். அப்புறம் ஒரு யோசனை சொல்லி, எல்லாவற்றையும் சேர்த்துச் சோளக்கொல்லைப் பொம்மை ஆக்கிவிடுவாள்.

தமிழில் சொல்ல இதைவிடத் தோதான புத்தகம் இல்லை. ஷூ டொக்கு டொக்கு, பேண்ட் நெளி நெளி, சட்டை உதறு உதறு, கையுறை சப்பு சப்பு, தொப்பி ஆட்டு ஆட்டு. பூசணித் தலைதான் 'பூ, பூ' என்கிறது. பூ என்றால் நமக்கு மல்லிகைதானே ஞாபகம் வரும், 'ப்பே!' என்று மாற்றிவிட்டேன். ஊரில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் முறைத்த கண்ணும் மீசையும் வரைந்த பூசணிக்காய் தொங்கும் என்று சொன்னதும் பேத்திக்குத் தாங்கவில்லை. "இந்தியாவுல தினமும் ஹாலோவீனா?"

அக்டோபர் 14, காலை 6.10

அலறல் கிடையாது என்று எழுதிய வாய்க்கு நேற்று ராத்திரி கிடைத்தது. இரண்டு மணிக்கு வீல் என்று ஒரு சத்தம். மகள், மருமகன், நான், வீட்டம்மா நாலு பேரும் ஒரே நேரத்தில் ஓடி வராந்தாவில் முட்டிக்கொண்டோம்.

மாமியார் ஜெயித்தார் என்று எழுதிவிடாதீர்கள், பொறுங்கள். மறுபடி எழுதுகிறேன்.

அக்டோபர் 14, மதியம் 1.30

விஷயம் தெரிந்துவிட்டது. இங்கே வீட்டு முன்னால் காற்றடித்த பேய் பொம்மைகள் வைக்கிறார்கள், ஆள் உயரத்துக்கு. ராத்திரி மோட்டார் ஓடும்போது நின்று ஆடும். காலையில் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள், பேய் புல்லில் துணியாகக் கிடக்கும். பேத்தி அதைப் பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறாள். "பேய் செத்துப் போச்சு தாத்தா" என்று இப்போதும் கண் கலங்குகிறது. நிற்கிற பேய்க்குப் பயமே இல்லை. சாயங்காலம் கூட்டிக்கொண்டு போய் அது எழுந்திருப்பதைக் காட்டப் போகிறேன்.

அக்டோபர் 14, இரவு 8.00

எழுந்தது. கைதட்டினாள். மூன்று வீடு தள்ளி இன்னொரு பேய், அதையும் எழும்வரை பார்க்க வேண்டுமாம். குளிரில் அரை மணி நேரம் நின்றேன்.

அக்டோபர் 17, இரவு 11.50

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கேரட் விஷயத்தில் மகள் எழுந்து போனாள் என்று எழுதினேன் அல்லவா, ஆபீஸ் டென்ஷன் இல்லை. அவளே சொன்னாள். அவளுக்கு நாலு வயசு இருக்கும்போது எங்கள் அச்சகத் தெருவுக்குச் சாயங்காலம் ஒருவர் சைக்கிளில் வருவார், வெட்டி விழுந்த தாளைச் சாக்கில் கட்டி எடைக்கு வாங்கிப் போக. இவள் சாப்பிட அடம் பிடிப்பாள். "சாக்குக்காரன் வர்றான் பாரு, சாப்பிடாத பிள்ளையைப் போட்டுக் கட்டிட்டுப் போயிருவான்" என்று நான் சொல்வேன். இரண்டே வாயில் தட்டு காலி. எனக்குப் பெருமை வேறு.

சைக்கிள் மணி கேட்டதும் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன் என்று இப்போது சொல்கிறாள். ஒன்றிரண்டு நாள் இல்லை, இரண்டாம் வகுப்பு வரைக்கும். எனக்குத் தெரியவே தெரியாது. நான் அந்நேரம் மிஷினில் இருப்பேன்.

இன்னும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்த மனிதர் நல்லவர். கலர் தாள் துண்டுகளை எடுத்துக் காத்தாடி செய்து தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். "உங்க பாப்பா மட்டும் என்னைக் கண்டா ஓடுதே அண்ணாச்சி" என்று ஒரு தடவை என்னிடமே கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

அக்டோபர் 18, காலை 10.30

"நாமெல்லாம் பூச்சாண்டி கேட்டு வளரலையா, கெட்டா போய்ட்டோம்" என்று ஒருவர். கெட்டுப்போகவில்லை ஐயா. அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தது யார் யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

என் முதல் பதிலில் ஒன்றைத் திருத்துகிறேன். தாராளமாகத் தரலாம், சரி. ஆனால் புத்தகத்தில் உள்ள பூதத்தைச் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் நாம் கடன் வாங்கக் கூடாது. நான் கேரட்டைக் கடன் வாங்கினேன். பச்சைப் பூதம் அவள் 'போ' என்றால் போகும். சாக்குக்காரனை அனுப்ப என் மகளிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை, சாவி என் கையில் இருந்தது.

பயத்தை விளையாட்டாக வைப்பது நமக்குப் புதிதில்லை. பெரியாழ்வார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க 'அப்பூச்சி காட்டுகின்றான்' என்றுதான் வரும். குட்டிக் கண்ணன் மற்றவர்களைப் பயமுறுத்திக் காட்டுகிறானாம். அங்கே பூச்சி காட்டுவது பிள்ளை, ஐயோ என்று பயப்படுவது பெரியவர்கள். இதைப் படித்துவிட்டு, பேத்தியை எனக்குப் பயம் காட்டச் சொன்னேன். மதியம் முழுக்க சோபாவுக்குப் பின்னால் இருந்து வந்தாள். பதினெட்டாவது தடவையும் பயந்தாக வேண்டும். நடிப்பு லேசுப்பட்ட தொழில் இல்லை.

அக்டோபர் 22, இரவு 9.15

நான் கட்டிய கோட்டையை மூன்று வயசு அண்டை வீட்டுப் பிள்ளை இடித்துவிட்டது. அதன் அம்மா ஜப்பான்காரர். 'நெனைகோ தரேதா' என்று ஒரு புத்தகம் கொண்டுவந்து காட்டினார். செனா கெய்கோ என்ற அம்மாள் 1969இல் செய்தது. தாளைக் கையால் கிழித்து ஒட்டிய படங்கள். கத்தரியால் வெட்டினால் வராத ஒரு பிசிர் ஓரத்தில் இருக்கிறது, பேய்க்கு அது ரொம்பப் பொருத்தம். ராத்திரி ஒன்பது மணி அடிக்கிறது, இந்நேரம் முழித்திருப்பது யார்? ஆந்தை, பூனை, அப்புறம் பேய். தூங்காத பிள்ளையும் பேயாகிப் பேயோடு பறந்து போய்விடுகிறது. முடிந்தது. திரும்பி வருகிற பக்கம் கிடையாது! சூடான சாப்பாடு கிடையாது!

நேற்று நான் எழுதியபடி பார்த்தால் இது சுத்தச் சாக்குக்காரன் புத்தகம். அந்தப் பிள்ளையோ மறுபடி மறுபடி என்று இழுக்கிறது. அம்பது வருஷத்துக்கு மேலாக அங்கே பிள்ளைகள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். என் பேத்தி கடைசிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். பயந்துவிட்டாளோ என்று புத்தகத்தை மூடப் போனேன்.

"பேய் கூடப் போனா பறக்கலாமா?" என்றாள்.

ராத்திரி ஒன்பதே காலுக்கு இதை எழுதுகிறேன். அவள் பேய் வரட்டும் என்று முழித்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 22, இரவு 9.20

'நேற்று எழுதியபடி' இல்லை, 18ஆம் தேதி. அவசரம்.

அக்டோபர் 25

இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை என்றால் 'த டார்க்' (2013). லெமனி ஸ்னிக்கெட் எழுத்து, ஜான் கிளாசன் படம். இருட்டு அந்த வீட்டின் நிலவறையில் குடியிருக்கிறது, ஒரு ராத்திரி பையனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. அவன் டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறான். அங்கே ஒரு அலமாரி, அதன் அடி இழுப்பறையில் விளக்குக்குப் பல்பு. இருட்டு அவனுக்கு உதவி செய்யத்தான் கூப்பிட்டிருக்கிறது.

அச்சகக் கதை போதும் என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். கடைசியாக ஒன்று. கறுப்பு மை மட்டும் அடித்தால் சாம்பல் பூத்த கறுப்புதான் வரும், அடியில் கொஞ்சம் நீலம் கொடுத்தால்தான் ஆழம் கிடைக்கும். அவ்வளவு கறுப்பை அடுக்கினால் காயாது, மேல் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும், பவுடர் தூவ வேண்டும், கைபட்டால் ரேகை விழும். இருட்டு என்றால் எனக்கு ராத்திரி ஷிப்டில் அந்தத் தொல்லைதான் ஞாபகம். இந்தப் புத்தகத்தின் கறுப்பில் இப்போது ஐந்து சின்ன விரல் ரேகை.

நவம்பர் 1, காலை 9.00

நேற்று தீபாவளி. இந்த வருஷம் ஹாலோவீனும் அதே நாளில் விழுந்தது. காலையில் எண்ணெய்க் குளியல், இருட்டியதும் கம்பி மத்தாப்பு. சிவகாசிக்காரனுக்கு ஒரு சரம் கூட இல்லாத தீபாவளி, அதை விடுங்கள்.

பேத்தி கேரட் வேஷம் கட்டினாள். வீட்டம்மா ஒரு பழைய ஆரஞ்சு சுடிதாரை வெட்டித் தைத்தாள், தலையில் பச்சைத் தாள். நான் வாசலில் மிட்டாய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். எலும்புக்கூடு, சூனியக்காரி, டைனோசர் எல்லாம் வந்து வாங்கிப் போயின. கடைசியாகக் கேரட் வந்தது. பின்னால் மகள், தலையணை உறை ஒன்றைத் தோளில் சாக்கு மாதிரிப் போட்டுக்கொண்டு.

"சாக்குக்காரன் வந்திருக்கேன். சாப்பிடாத தாத்தா யாராச்சும் இந்த வீட்ல இருக்காங்களா?"

நான் ஒன்றும் பேசவில்லை. உறைக்குள் ஒரு அதிரசத்தைப் போட்டேன். கேரட் உள்ளே எட்டிப் பார்த்து, "இது கேண்டி இல்ல" என்றது. மகள் அதிரசத்தை எடுத்து அங்கேயே நின்று தின்றாள்.

நவம்பர் 4

மாமியாரே இப்போது எலும்புக்கூட்டுப் புத்தகம் படித்துக்காட்டுகிறார் என்று செய்தி போட்டிருக்கிறீர்கள். குரல் மாற்றிப் படிக்கிறாராமே, நல்லது.

நாங்கள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. பச்சைப் பூதத்தின் இடது கண் ஓட்டையில் ஓரம் லேசாகக் கிழிந்திருக்கிறது. நூலகத்தில் யாரும் கேட்கவில்லை. பேத்தி கிழிக்கவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.